தம்பிக்கு வெல்டிங் வெளிச்சம் அடித்துவிட்டது, கண்ணே திறக்க முடியவில்லை: என்ன செய்வது?

கொடிமுல்லை | இரவு 1:40

வணக்கம். இந்த நேரத்தில் யாராவது விழித்திருந்தால் பதில் போடுங்கள். என் தம்பிக்கு 19 வயது. நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறை ஒன்றில் கையாளாகச் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. மதியம் 3 மணி வாக்கில் ஃபிரேமுக்கு டேக் (இரும்பு நகராமல் அங்கங்கே புள்ளி போல வைக்கிற வெல்டிங்) அடித்தபோது ஆங்கிளை, அதாவது எல் வடிவ இரும்புச் சட்டத்தை, பிடித்துக்கொண்டு நின்றானாம். வீட்டுக்கு நன்றாகத்தான் வந்தான். சாப்பிட்டான், போன் பார்த்தான். 11 மணிக்கு மேல்தான் ஆரம்பித்தது. இரண்டு கண்ணிலும் மணலை அள்ளிக் கொட்டினது போல இருக்கிறதாம். தண்ணீராக ஊற்றுகிறது. விளக்கைப் போட்டால் கத்துகிறான். அம்மா அழுதுகொண்டிருக்கிறார். பார்வை போய்விடுமா? பக்கத்தில் இந்த நேரத்துக்கு ஆஸ்பத்திரி எதுவும் இல்லை.

மாலைவெயில் | இரவு 1:52

தங்கச்சி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பார்வை போகிற விஷயமாகத் தெரியவில்லை. நான் மதுரைப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் கண் பரிசோதகராக இருக்கிறேன். மதியம் வெளிச்சம் பட்டு, நடு ராத்திரியில் இரண்டு கண்ணும் எரிந்து வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்று கேள்விக்கு மட்டும் அவரிடம் கேட்டுப் பதில் போடுங்கள். வலி இரண்டு கண்ணிலுமா, ஒரு கண்ணில் மட்டுமா? இன்று கிரைண்டர் பக்கத்தில் நின்றாரா, இரும்பின்மேல் இரும்பை வைத்து அடித்தாரா? கண்ணீரைத் துடைத்துவிட்டு மங்கலான வெளிச்சத்தில் உங்கள் விரலை எண்ணச் சொன்னால் சரியாகச் சொல்கிறாரா?

கொடிமுல்லை | இரவு 1:59

இரண்டு கண்ணும் ஒரே மாதிரி வலிக்கிறதாம் அக்கா. கிரைண்டர் பக்கம் போகவில்லை, சுத்தியலும் தொடவில்லை. விரலைச் சரியாக எண்ணினான்.

மாலைவெயில் | இரவு 2:08

நல்லது. அப்படியென்றால் காலை வரைக்கும் வீட்டிலேயே சமாளிக்கலாம். கண்ணைக் கசக்கவே கூடாது, அதுதான் முக்கியம். அறையை இருட்டாக்கிவிடுங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் போடுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால் கழற்றிவிட வேண்டும். பாரசிட்டமால் ஒத்துக்கொள்கிறவர் என்றால் 500 மில்லிகிராம் ஒன்று கொடுக்கலாம். கண்ணுக்கு ஈரம் தருகிற சொட்டு மருந்து, பிரிக்காத புதுப் பாட்டில், வீட்டில் இருந்தால் விடலாம். பழைய பாட்டில் வேண்டாம்.

மருந்துக்கடையில் கேட்டு மரத்துப்போகிற சொட்டு மருந்து வாங்கிவிடாதீர்கள். அதை நாங்கள் பரிசோதனை மேசையில் ஒரு சொட்டு விடுவோம், வலி மாயமாகப் போய்விடும். அந்தச் சுகத்துக்காகவே வீட்டில் வைத்துத் திரும்பத் திரும்ப விட்டுக்கொண்டு, கருவிழி (கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கிற தெளிவான படலம்) புண்ணாகி வந்தவர்கள் உண்டு. புண் ஆறுவதையே அது தடுத்துவிடும். ஸ்டீராய்டு சொட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம்.

காலையில் கண் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். இடையில் வலி ஒரு கண்ணில் மட்டும் தங்கினாலோ, பார்வை குறைந்தாலோ, விடியும் வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். ஒரு கண்ணில் மட்டும் வலி என்றால் உள்ளே இரும்புத் துகள் இருக்கலாம் என்றுதான் நாங்கள் முதலில் சந்தேகப்படுவோம். அது வேறு கணக்கு.

பழனிமலை72 | காலை 5:30

இதுக்குப் போய் ஆஸ்பத்திரியா? பக்கத்தில் குழந்தை பெற்றவர்கள் யாராவது இருந்தால் தாய்ப்பால் இரண்டு சொட்டு வாங்கி விடுங்கள். இல்லாவிட்டால் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி இமைமேல் வைத்துக் கட்டுங்கள். 30 வருடமாக எங்கள் பட்டறையில் இதுதான் வைத்தியம். மறுநாளே எழுந்து வேலைக்குப் போயிருக்கிறோம்.

மாலைவெயில் | காலை 6:15

ஐயா, உங்கள் அனுபவம் பொய் இல்லை. மறுநாளோ அதற்கு மறுநாளோ சரியாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் சரிசெய்தது பாலா என்று பாருங்கள். கருவிழியின் மேல் தோல் இயல்பாகவே 24 முதல் 72 மணி நேரத்துக்குள் புதிதாக வளர்ந்துவிடும். ஒன்றும் விடாமல் இருந்திருந்தாலும் ஆறியிருக்கும்.

நடப்பது இதுதான். வெல்டிங் தீப்பொறியில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர் நிறைய இருக்கிறது. அதில் 315 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளக் கதிர்களில் பெரும்பகுதியைக் கருவிழி உறிஞ்சிக்கொள்கிறது. மிக அதிகமாக அடிபடுவது 270 சுற்றுவட்டத்தில். அடிபட்ட செல்கள் உடனே சாவதில்லை. சில மணி நேரம் கழித்து ஒவ்வொன்றாக உதிர ஆரம்பிக்கும். உதிர்ந்த இடத்தில் நரம்பு நுனிகள் திறந்துகொள்ளும். உடம்பிலேயே நரம்பு நுனிகள் அடர்த்தியாக இருக்கிற இடங்களில் கருவிழியும் ஒன்று. அதனால்தான் 3 மணிக்குப் பட்டது 11 மணிக்கு வலிக்கிறது, அதனால்தான் அந்த அளவுக்கு வலிக்கிறது.

அப்படித் தோல் உரிந்து திறந்து கிடக்கிற இடத்தில் பாலோ கிழங்குச் சாறோ விளக்கெண்ணெயோ போனால், கூடவே கிருமியும் போகலாம். மூடிய இமைமேல் குளிர்ச்சிக்காக வைக்க ஈரத் துணியே போதும். 10 பேருக்கு ஒன்றும் ஆகாமல் 11-வது ஆளுக்குச் சீழ் பிடித்தால், தழும்பு பார்வைக்கு நடுவில் நிற்கும். அதனால்தான் சொல்கிறேன், கோபம் வேண்டாம்.

திருவெறும்பூரான் | காலை 7:05

22 வருடமாக வெல்டிங் என் வேலை. திருச்சியில் பெல் நிறுவனத்தை ஒட்டிய ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் கற்றுக்கொண்டவன். வைத்தியத்தை அக்கா சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது வேறு. இங்கே அடிபட்டது வெல்டர் இல்லை, கையாள். எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம், இதைத்தான் யாரும் பேசுவதில்லை.

டேக் அடிக்கிற நேரத்தை நினைத்துப் பாருங்கள். வெல்டரின் ஒரு கையில் ராடை (வெல்டிங் குச்சியை) மாட்டுகிற ஹோல்டர், இன்னொரு கையில் முகத்தை மறைக்கிற கண்ணாடி வைத்த ஷீல்டு. ஆங்கிளை மூலமட்டத்தில் வைத்துப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். அதுதான் பையன். தீப்பொறிக்கும் அவன் முகத்துக்கும் நடுவே ஒன்றரை அடிகூட இருக்காது. “மூஞ்சத் திருப்பிக்கோ” என்பார் மேஸ்திரி. திருப்பினால் ஆங்கிள் நகரும், நகர்ந்தால் திட்டு விழும். அதனால் பையன் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் நிற்பான். வெல்டர் கண்ணாடியை முகத்துக்குக் கொண்டுபோவதற்குள் ராடு உரசிவிடும், அந்த முதல் பளிச் இரண்டு பேருக்கும். அதற்குப் பிறகு வெல்டர் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரம். பையன் வெளியே.

“ஒரு டேக் தானே, ஒரு செகண்டுதானே” என்பார்கள். கருவிழி ஒவ்வொரு செகண்டையும் கூட்டி வைத்துக்கொள்கிறது. 8 மணி நேர வேலை நாளுக்கு ஒரு கண்ணுக்குத் தாங்கும் புற ஊதா அளவு என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்: 270 நானோமீட்டர் கதிரில் சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிஜூல். பக்கத்தில் வெறும் கண்ணோடு நின்றால் அது சில விநாடிகளில் தீர்ந்துவிடும். ஒரு லாரி ஃபிரேமுக்கு எத்தனை டேக் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால் கால் பங்குதான் படும், அதனால் இரண்டு அடி நகர்ந்தால்கூட லாபம்தான். ஆனால் பிடிக்கிறவன் எங்கே நகர்வது?

செந்தூரம்_எம் | காலை 9:40

நானும் கிரில் பட்டறையில் இருக்கிறேன் அண்ணா. ஹெல்ப்பருக்கு நல்ல கருப்பு கூலிங் கிளாஸ் வாங்கிக் கொடுத்தால் போதாதா? ஹெல்மெட் எல்லாம் போட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது.

திருவெறும்பூரான் | காலை 10:20

தம்பி, கறுப்பும் பாதுகாப்பும் ஒன்று இல்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கறுப்பு என்பது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தைக் குறைப்பது. புற ஊதாவைத் தடுப்பது அந்தப் பொருளின் குணம். துளிகூடக் கறுப்பில்லாத பாலிகார்பனேட் கண்ணாடி, அதாவது கிரைண்டிங்குக்குப் போடுகிற வெள்ளைக் கண்ணாடி, புற ஊதாவைக் கிட்டத்தட்ட முழுதும் நிறுத்திவிடும். சாலையோரம் வாங்குகிற கறுப்புக் கண்ணாடி நிறுத்துமா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாது. நிறுத்தாத கண்ணாடியாக இருந்தால் இருட்டில் கண்மணி விரியும், உள்ளே கூடுதலாகத்தான் போகும். போதாததற்குப் பக்கவாட்டிலும் திறந்திருக்கும்.

அதனால் கையாளுக்கு: பக்கவாட்டு மறைப்பு உள்ள பாலிகார்பனேட் கண்ணாடியை வேலை நேரம் முழுக்கக் கழற்றவே கூடாது. அது தூரத்து வெளிச்சத்துக்கும், மேலே தெறிக்கிற பொடிக்கும். பக்கத்தில் பிடிக்கிறவன் என்றால் அது மட்டும் போதாது, ஏனென்றால் தெரிகிற வெளிச்சம் அப்படியே உள்ளே போகும். அவன் கையிலும் ஒரு ஷீல்டு வேண்டும், அல்லது அவன் பிடிக்கவே வேண்டாத மாதிரி வேலையை மாற்ற வேண்டும். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். இரும்பைக் கோணத்தில் ஒட்டிப் பிடிக்கிற மேக்னெட் ஆங்கிள் இரண்டு, இறுக்கிப் பிடிக்கிற சி கிளாம்ப் நான்கு இருந்தால் பெரும்பாலான டேக்குக்கு ஆள் பிடிக்க வேண்டாம்.

மாலைவெயில் | காலை 10:48

தெரிகிற வெளிச்சம் உள்ளே போகும் என்று அண்ணன் சொன்னதை நான் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கருவிழி எரிந்தால் ஊரையே கூட்டும். விழித்திரை எரிந்தால் வலிக்கவே வலிக்காது. நீல வெளிச்சம் கருவிழியைத் தாண்டி நேராக விழித்திரையின் நடுவில் குவிகிறது. தீப்பொறியையே உற்றுப் பார்க்கிற பையன்களுக்கு இது நடக்கும். மறுநாள் பார்க்கிற இடத்தின் நட்ட நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி நிற்கும், ஜன்னல் கம்பி வளைந்து தெரியும். அதற்கென்று உறுதியான மருந்து எதுவும் இல்லை. சிலருக்குத் தானாகத் தெளியும், சிலருக்கு அப்படியே நின்றுவிடும்.

2019 டிசம்பர் 26-ல் கங்கண சூரிய கிரகணம் கோவை, கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாக வந்ததே, அப்போது எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு வெல்டிங் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்கள். எல்லாம் பட்டறையில் புழங்குகிற 10, 11 எண் (எண் கூடக் கூடக் கறுப்பு கூடும்). சூரியனைப் பார்க்க அது போதாது, 14 வேண்டும். பிடுங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு எல்லோருக்கும் என்மேல் கோபம்.

கொடிமுல்லை | மதியம் 12:30

காலையில் டாக்டரிடம் போய் வந்தோம். அக்கா சொன்னது போலவே முதலில் ஒரு சொட்டு விட்டார்கள், தம்பிக்கு உடனே கண் திறந்தது. அப்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தாள் நுனியைக் கண்ணில் தொட்டுவிட்டு, நீல விளக்கில் பார்த்தார்கள். எனக்கும் காட்டினார்கள். கருவிழி முழுக்கப் பொடிப் பொடியாகப் பச்சைப் புள்ளிகள், வானத்தில் நட்சத்திரம் இறைத்த மாதிரி. ஒவ்வொரு புள்ளியும் தோல் உதிர்ந்த இடமாம். இரும்புத் துகள் எதுவும் இல்லை. களிம்பும் சொட்டும் எழுதிக் கொடுத்து 2 நாள் ஓய்வு என்றார்கள். மரத்துப்போகிற மருந்தை வீட்டுக்குத் தரவில்லை.

பட்டறைக்குப் போன் செய்து சொன்னேன். “எல்லாருக்கும் வர்றதுதாம்மா, நாலு தடவை அடிச்சா பழகிடும்” என்றார் போனை எடுத்தவர். பழகிவிடுமா?

மாலைவெயில் | மதியம் 12:44

பழகாது. தோல் வெயிலில் கறுத்துக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கருவிழி கறுக்க முடியாது, கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தால்தானே அது கருவிழி. பத்தாவது தடவையும் முதல் தடவை போலவேதான் எரியும். பல வருடம் புற ஊதா பட்டுக்கொண்டே இருந்தால் வெள்ளை விழியிலிருந்து சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறுவதும், கண்புரை சீக்கிரம் வருவதும் உண்டு. பழகுவது வலிக்கு மனசு மட்டும்தான்.

தூயநீர் | மதியம் 2:15

இது வெல்டிங் இல்லை, ஆனால் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வீடு வீடாகப் போய் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் சர்வீஸ் செய்கிறவன். உள்ளே ஸ்டீல் குழாயில் ஒரு யூவி விளக்கு இருக்கும். போன வருடம் ஒரு வீட்டில் விளக்கு எரிகிறதா என்று சந்தேகம். வெளியே உருவி, எரியவிட்டுக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். லேசான நீல வெளிச்சம், ஜீரோ வாட் பல்பு மாதிரி. கண் கூசவே இல்லை. அதனால் நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று இரவு இந்தத் தம்பிக்கு நடந்ததேதான் எனக்கும் நடந்தது. முகமும் சிவந்துபோனது. என்ன வந்தது என்றே தெரியாமல் மெட்ராஸ் ஐ என்று நினைத்து மூன்று நாள் வீட்டில் கிடந்தேன்.

மாலைவெயில் | மதியம் 2:40

எழுதியதற்கு நன்றி. அந்த விளக்கு 254 நானோமீட்டர். கிருமியைக் கொல்வதற்காகவே செய்தது, நம் கண்ணின் செல்லையும் விடாது. வெல்டிங்கிலாவது கண் தானாக மூடிக்கொள்ளும். இதில் கூசாததால் உற்றுப் பார்த்துவிடுகிறோம். கொரோனா காலத்தில் வாங்கிப் போட்ட யூவி குழல் விளக்குகள் யார் வீட்டிலாவது இருந்தால் எரியவிட்டுப் பார்க்க வேண்டாம். விளையாட்டு அரங்கு, விழாப் பந்தலில் போடுகிற மெட்டல் ஹேலைடு விளக்கிலும் வெளிக் கண்ணாடி உடைந்து உள் குழல் மட்டும் எரிந்தால் இதே கதைதான். உடைந்தால் அணைத்து மாற்றிவிட வேண்டும்.

சேந்தமங்கலத்தான் | மாலை 6:50

நானும் பாடி பட்டறை வைத்திருக்கிறேன், அந்தத் தம்பி வேலை செய்கிற இடம் இல்லை. முதலாளிகளை எல்லாம் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 6 கண்ணாடி வாங்கி வைத்தேன். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் போட்டால் பத்தே நிமிடத்தில் வியர்வை கட்டி ஒன்றும் தெரியாது. பசங்களே கழற்றி டூல் பாக்ஸில் போட்டுவிடுகிறார்கள். நான் பின்னாலேயே நிற்க முடியுமா?

ஜூரோங்கடல் | மாலை 7:30

நியாயமான கஷ்டம் அண்ணா. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். இங்கேயும் அதே புழுக்கம்தான், அதே பிரச்சினைதான். மூடிய காகிள் வேண்டாம், நெற்றிப் பக்கம் காற்று போகிற திறந்த வகை, ஆவி படியாத பூச்சு உள்ளது வாங்குங்கள். அதைப் பசங்கள் போட்டுக்கொள்வார்கள். எங்களிடம் தங்கியது அதுதான்.

ஆனால் ஆளை மட்டும் நம்பக் கூடாது, வெளிச்சத்தையும் கட்டிப்போட வேண்டும். உங்கள் பட்டறையில் அலுமினியத் தகடும் சுண்ணாம்புச் சுவரும் இருக்குமே, அதில் பட்டுத் திரும்புகிற புற ஊதாவே முதுகுப் பக்கம் நிற்கிறவனுக்குப் போதும். வெல்டருக்கே பின்னாலிருந்து வந்து, ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும். “ஹெல்மெட் போட்டும் கண் அடித்துவிட்டது” என்று சொல்கிறவர்களில் பலருக்கு இதுதான் காரணம். இரண்டு இடத்துக்கு நடுவே வெல்டிங் திரை தொங்கவிடுங்கள். அது வாங்க முடியாவிட்டால் தீப்பிடிக்காத கனமான மறைப்பு எதுவானாலும் சரி, பளபளப்பு மட்டும் கூடாது. சுவருக்கு டைட்டானியம் டையாக்சைடோ ஜிங்க் ஆக்சைடோ கலந்த மங்கலான பெயிண்ட் அடித்தால் புற ஊதா திரும்புவது நன்றாகக் குறையும். பார்க்க வெள்ளையாகவே இருக்கலாம், அதில் தப்பில்லை.

இன்னொன்று. 1948-ல் வந்து 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். அளவுக்கு மீறிய வெளிச்சத்தால் கண்ணுக்கு ஆபத்து உள்ள வேலையில், அந்த வேலையைச் செய்கிறவருக்கு மட்டுமில்லை, உடனடிப் பக்கத்தில் இருப்பவருக்கும் திரையோ கண்ணாடியோ தர வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என அன்றைக்கே எழுதியிருந்தார்கள். கையாளை நினைத்துத்தான் எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றும்.

சேந்தமங்கலத்தான் | மாலை 7:58

திரை யோசனை சரியாகப் படுகிறது. தானாகக் கறுக்கிற ஹெல்மெட் பற்றியும் சொல்லுங்கள். பேட்டரி தீர்ந்தால் கண் போய்விடும் என்று என் வெல்டர் தொட மாட்டேன் என்கிறார்.

திருவெறும்பூரான் | இரவு 8:35

அந்தப் பயம் வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். தரமான ஹெல்மெட்டில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கிற அடுக்கு தனியாக எப்போதும் இருக்கும். பேட்டரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். பேட்டரியால் நடப்பது கறுப்பது மட்டும்தான். கறுக்காவிட்டால் பளிச்சென்று அடிக்கும், உடனே நிறுத்திவிடலாம். ஆனால் எண்ணும் முத்திரையும் இல்லாத மலிவு ஹெல்மெட்டுக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். ஐஎஸ் 1179, ஈஎன் 379, ஆன்சி இசட்87.1 என்கிற தரச் சான்று எண்களில் ஏதாவது ஒன்று பொறித்திருக்க வேண்டும். குறைந்த ஆம்பியரில் டிக் வெல்டிங் (டங்ஸ்டன் முனையும் வாயுவும் வைத்துச் செய்கிற வெல்டிங்) செய்தால் சில ஹெல்மெட்டில் வெளிச்சத்தை உணர்கிற சென்சார் தூங்கிவிடும், சென்சாரைக் கை மறைத்தாலும் அதே கதி. டேக் அடிக்கிறவருக்கு இதைவிட உதவுகிற சாமான் வேறு இல்லை. கண்ணாடியைத் தூக்கி இறக்குகிற வேலையே இல்லாததால் அந்த முதல் பளிச் போய்விடுகிறது, ஒரு கையும் மிச்சமாகிறது. அந்தக் கையால் அவரே ஆங்கிளைப் பிடித்துக்கொள்ளலாம்.

கொடிமுல்லை | மூன்றாம் நாள், இரவு 9:10

தம்பிக்குக் கண் முழுதாகத் தெளிந்துவிட்டது. டாக்டரும் பார்த்துவிட்டுப் புள்ளி எதுவும் இல்லை என்றார். இன்று வேலைக்குப் போனான். இந்த இழையை மேஸ்திரியிடம் உட்கார்ந்து படித்துக் காட்டினானாம். அவர் எதுவும் சொல்லவில்லை, மாலையில் மேக்னெட் ஆங்கிள் இரண்டு வாங்கி வந்து மேசைமேல் வைத்தாராம். கண்ணாடி நான் வாங்கிக் கொடுத்தேன், போட்டுக்கொண்டுதான் நின்றான்.

அடுத்த மாதத்திலிருந்து ராடு பிடிக்கக் கற்றுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறாராம். 10 கேஜ் ராடு, 110 ஆம்பியர் வைப்பார்களாம். எந்த எண் கண்ணாடி வாங்க வேண்டும் என்று கேட்கச் சொன்னான்.

திருவெறும்பூரான் | மூன்றாம் நாள், இரவு 9:45

நல்ல சேதி சொன்னீர்கள் தங்கச்சி. அந்த ஆம்பியருக்கு 10 அல்லது 11. முதலில் 11 போட்டுப் பார்க்கட்டும். உருகுகிற குட்டை தெளிவாகத் தெரியவில்லை என்றால் 10-க்கு இறங்கலாம். அதற்குக் கீழே வேண்டாம். தெரியவில்லை என்று கண்ணாடியை விலக்கிப் பார்க்கிற பழக்கம் மட்டும் முதல் நாளே வரக் கூடாது.

வாங்கியதும் கண்ணாடியை ஷீல்டில் மாட்டி, ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து ஓரம் முழுக்கச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஊசி முனை அளவு வெளிச்சம் கசிந்தாலும் கழற்றித் திரும்ப மாட்டட்டும். கீறல் விழுந்தால் முன்னால் இருக்கிற வெள்ளைக் கண்ணாடியை மட்டும் மாற்றினால் போதும். கறுப்புக் கண்ணாடியே விரிசல் விட்டால் ஒட்டவைக்காமல் தூக்கிப் போட வேண்டும். அப்புறம், ராடு உரசுவதற்கு முன்னால் “கண்ணு!” என்று ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். எங்கள் பட்டறையில் அப்படித்தான் சொல்வோம். அவன் பக்கத்திலும் ஒரு கையாள் நிற்பான்.